பால்கனி டிக்கெட் இரண்டு

விருதுநகர்
7 ஜனவரி 2024

அன்புள்ள கற்பகம்,

நீ பார்க்கச் சொன்ன படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். இரண்டே முக்கால் மணி நேரம். கதாநாயகன் நாற்பத்தொரு பேரைக் கொன்றான். வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். அந்த நாற்பத்தொருவரில் ஒருவனுக்குக்கூட வீட்டிலிருந்து யாரும் வந்து அழவில்லை. கதாநாயகி டாக்டராம். ஆபரேஷனை முடித்துவிட்டு வந்து, கை கழுவாமல் தலையில் பூ வைத்துக்கொள்கிறாள். இதைப் போய் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

ஸ்ரீமதியிடம் கை கழுவாததைச் சொன்னேன். "அத்த, படம்னா அப்பிடித்தான். எல்லாத்துக்கும் நொட்டை சொன்னா எப்பிடி ரசிக்கிறது?" என்றாள். நீங்கள் எல்லாவற்றையும் ரசிப்பதால்தான் இப்படி எடுக்கிறார்கள் என்றேன். என் மருமகளிடம் ஒரு நல்ல குணம், எதற்கும் கோபப்படமாட்டாள். கோபப்படும் அளவுக்குக் காதில் வாங்குவதில்லை.

உன்னுடன் ஏன் வாட்ஸாப்பில் பேசக் கூடாது என்று கேட்கிறாள். உனக்குக் காது போன பிறகு நமக்குப் போன் இல்லை, சரி. ஆனால் கட்டைவிரலால் எழுதுவதற்கு நம்மை யாரும் கான்வென்ட்டுக்கு அனுப்பவில்லை. நீ மட்டும் மார்ஜின் விட்டு எழுது. போன கடிதத்தில் காகிதத்தின் ஓரம் வரைக்கும் ஓடியிருக்கிறாய்.

பொன்னுத்தங்கம்


சிவகாசி
15 ஜனவரி 2024

பொன்னு,

மார்ஜின் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். அறுபது வருஷமாக என் நோட்டைத் திருத்துகிறாய். நான் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் என்பதை நீ ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மருமகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நீ சத்தத்தோடு பார்ப்பதால்தான் உனக்கு இவ்வளவு கஷ்டம். என்னைப் போலக் காது இல்லாமல் பார். அவன் கத்துகிற கத்தெல்லாம் பல்வலிக்காரன் வாய் திறப்பது மாதிரி இருக்கும். கீழே எழுத்து வேறு போடுகிறார்கள். 'சோகமான இசை' என்று ஒரு வரி வந்தது. சரி, சோகப்படச் சொல்கிறார்கள் போல என்று நானும் கொஞ்சம் சோகப்பட்டுக்கொண்டேன்.

வசனம் போன பிறகு மிஞ்சுவது முகம்தான் பொன்னு. முன்பு நமக்குப் பெரிய நடிகையாகத் தெரிந்தவர்கள் பலர் இப்போது வெறும் பல்வரிசை. ஓரத்தில் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போகிறவள் முகத்தில் ஏதோ இருக்கிறது.

புருஷன் செத்த பிறகு ஒருத்தி தனியாக மெஸ் நடத்துகிற படம் ஒன்று வந்திருக்கிறது. அதைப் பார். அழுவாய்.

கற்பகவல்லி


விருதுநகர்
29 ஜனவரி 2024

அன்புள்ள கற்பகம்,

அழவில்லை.

அவள் புருஷனுடைய போட்டோவைக் கட்டிப்பிடித்து ஐந்து நிமிஷம் அழுகிறாள். போட்டோவுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறாள். எந்த வீட்டில் இப்படி நடக்கிறது? இவர் போய்ப் பதினொரு வருஷமாகிறது. செவ்வாய்க்கிழமை போட்டோவைத் துடைக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை போடுகிறேன். அதற்கு மேல் அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். பட்டாசுக் கம்பெனி நடத்தினவருக்கு வீட்டில் அமைதி வேண்டும், நான் கொடுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையைப் படம் எடுத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மெஸ்ஸில் அவள் வைக்கும் ரசத்தில் புளி கரைக்கவே இல்லை. கவனித்தாயா?

இந்த மாதிரிப் படங்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், வசதியானவர்கள் எல்லோரும் கல். ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்காதவர்கள்தான் அப்படி எடுப்பார்கள்.

அடுத்து எதைப் பார்க்கட்டும்?

பொன்னுத்தங்கம்


சிவகாசி
20 பிப்ரவரி 2024

பொன்னு,

தாமதத்துக்கு ஒன்றும் காரணம் இல்லை. கொஞ்சம் முட்டிவலி.

ரசத்தை நான் கவனிக்கவில்லை. நீ சொல்கிறபடியே இருக்கட்டும்.

நம் பக்கத்தில் எடுத்த சின்னப் படம் ஒன்று வந்திருக்கிறது. யாரோ புதுப் பெண் எடுத்தது. பட்டாசுக் கம்பெனிப் படம். ஸ்ரீமதி போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ரொம்ப இருட்டாக எடுத்திருக்கிறார்கள், உன் கண்ணுக்கு ஆகாது. உனக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கற்பகவல்லி


விருதுநகர்
26 பிப்ரவரி 2024

கற்பகவல்லி,

இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைப் பார்க்காதே என்று நீ எழுதியதில்லை. அதனால் பார்த்தேன்.

இருட்டாக இல்லை. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

விஸ்வநத்தத்தில் கம்பெனி. தீபாவளி சீசன். வெடிமருந்து அறையில் தீப்பிடிக்கிறது. மூன்று பெண்களுக்குத் தீக்காயம். அந்த வழியாக வந்த வேனில் இரண்டு பேரை ஏற்றுகிறார்கள், மூன்றாவது பெண்ணுக்கு இடமில்லை. முதலாளி வீட்டுக் காரோ சிவகாசியில் தியேட்டர் வாசலில் நிற்கிறது. டிரைவர் சொந்த வேலைக்கு வண்டியை எடுத்துவிடுவான் என்று சாவியை முதலாளியம்மா எப்போதும் தன் கைப்பையில் வைத்துக்கொள்வாள். அவள் மேலே பெண்கள் பால்கனியில் உட்கார்ந்து படம் பார்க்கிறாள். டிரைவரை அங்கே விடமாட்டார்கள். படத்தின் நடுவே திரையில் ஸ்லைடு எழுத்துப் போட்டு அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் மரத்தடியில் கிடந்து, சாகிறாள்.

ஸ்ரீமதி பாப்கார்ன் தின்றுகொண்டே, "அத்த, இந்தம்மா சாவிய பைக்குள்ள வைக்கிறது ஒங்கள மாதிரியே இருக்கு. நீங்களும் அப்பிடித்தான் வச்சிருப்பீகளாம்ல, மாமா சொல்வாக" என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

1986இல் எங்கள் கம்பெனியில் தீப்பிடித்துச் சண்முகத்தாய் செத்தது ஊருக்கே தெரியும். சாவி என் பையில் இருந்ததும் தெரியும். ஸ்லைடு போட்டபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன், அதனால் தெரியவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று இரவே இவரிடம் சொன்னேன், இவர் நம்பினார். ஆனால் இந்தப் படத்தில் அந்த அம்மாள் முதலில் ஸ்லைடைப் படிக்கிறாள். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொள்கிறாள்.

எது முன்னால், எது பின்னால் என்று பக்கத்து சீட்டில் இருந்த ஒருத்தியைத் தவிர யாரால் சொல்லியிருக்க முடியும்?

இது பொய் என்று உனக்குத் தெரியும். ஏன் சொன்னாய்?

பொன்னுத்தங்கம்


சிவகாசி
4 மார்ச் 2024

பொன்னு,

பொய் என்றால் யார் வேண்டுமானாலும் கற்பனை செய்திருக்கலாம். நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு நிச்சயமாக எழுதுகிறாய்?

ஆமாம், நான்தான் சொன்னேன்.

படத்தை எடுத்த பெண்ணின் பெயர் பாண்டிமீனா. சண்முகத்தாயின் தம்பி பால்பாண்டி மகள். போன வருஷம் ஆனி மாதம் வந்தாள். எனக்குக் காது கேட்காது என்றதும் செல்போனில் பெரிய எழுத்தாக அடித்து அடித்துக் காட்டினாள். 'டீச்சர், எங்க அத்தை அன்னைக்கி எம்புட்டு நேரம் மரத்தடியில கெடந்தாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டிருந்தாள். அது அவளுக்கே தெரியும். எனக்குத் தெரியுமா என்று பார்த்தாள். ஐம்பது நிமிஷம் என்றேன். எப்படித் தெரியும் என்று அடுத்தாற்போல் அடித்தாள். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

உன்னைக் கெட்டவளாகச் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு தடவை உன் மாமியார் ஸ்லைடு போட்டு உன்னைப் படத்திலிருந்து எழுப்பியதைச் சொன்னேன். ஒரு தடவை பீரோச் சாவிக்கு, ஒரு தடவை விருந்தாளிக்குக் காப்பி போட. நீ எழுந்து போனபோது பால்கனியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இந்தத் தடவையும் அதுதான் என்று நினைத்தாய், எழக் கூடாது என்று முடிவு செய்தாய். இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். படத்தில் அது வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னது பொய் இல்லை.

கற்பகவல்லி


விருதுநகர்
8 மார்ச் 2024

கற்பகவல்லி,

என்னைத் திமிர் பிடித்தவளாகக் காட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாமியாரிடம் அவமானப்பட்டவள் என்று யாரோ ஒரு பெண்ணிடம் என்னைப் பற்றி இரக்கமாகப் பேச உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தப் பெண்ணுக்கு எழுது. வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது, எதையோ எதனுடனோ சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று எழுது. எழுதியதன் நகலை எனக்கு அனுப்பு. அது வந்தால் நமக்குள் கடிதம் உண்டு. வராவிட்டால் இல்லை. நீயும் நானும் பத்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதற்காக இந்த ஒரு வழியைக் கொடுக்கிறேன். வேறு யாருக்கும் கொடுத்திருக்கமாட்டேன்.

பொன்னுத்தங்கம்


சிவகாசி
25 மார்ச் 2024

பொன்னு,

மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். 'ஞாபகம் தடுமாறுகிறது' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. எனக்குக் காதுதான் போயிற்று.

உன்னைப் பற்றி மட்டும் சொன்னேன் என்று நினைக்கிறாய். அந்த டிக்கெட் நீ எடுத்தது, அந்தக் காரில்தான் நான் வந்தேன், மாதத்தில் ஒரு நாள் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் உன்னோடு பால்கனியில் உட்காருவது. ஸ்லைடைப் பார்த்ததும் உன் முழங்கையைத் தொட்டேன். நீ கையை நகர்த்திக்கொண்டாய். நான் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானாவது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

அன்று ராத்திரி முற்றத்தில் உன் வீட்டுக்காரர் அய்யாதுரை அண்ணாச்சி என்னைக் கேட்டார். "டீச்சர், நீங்களும் கூட இருந்தீக. ஸ்லைடு போட்டத நீங்க பாத்தீகளா?" நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவருக்குப் பின்னால் டிரைவர் முனியசாமி நின்றுகொண்டிருந்தார். யாராவது ஒரு பொம்பளையை மேலே அனுப்பிச் சொல்லாமல் ஸ்லைடை நம்பி நின்றுவிட்டான் என்று சொல்லி, மறுநாளே அவரை நிறுத்திவிட்டார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு அவர் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் விற்றார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

இதையும் பாண்டிமீனாவிடம் சொன்னேன். என்னையும் படத்தில் வை என்று சொன்னேன். ரெண்டு பேர் இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கோபம் யார் மேல் என்று குழப்பம் வரும், ஒருத்திதான் நன்றாக இருக்கும் என்று அடித்துக் காட்டினாள். என்னை நீக்கிவிட்டார்கள். அந்தக் காட்சியில் நான் இருந்த சீட்டில் ஒரு பை இருக்கிறது. பார்த்தாயா?

நகல் அனுப்பமாட்டேன். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், இனி எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. நீயும் சொல்லிவிட்டால் உனக்கும் இருக்காது.

கற்பகவல்லி


விருதுநகர்
2 ஏப்ரல் 2024

கற்பகவல்லி,

அந்தப் படத்தை இரண்டாவது முறை பார்த்தேன். ஸ்ரீமதி கோயிலுக்குப் போயிருந்தபோது, தனியாக. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அந்தப் பெண்ணுக்கு விவரம் போதாது. முதலாளியம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டிருக்கிறாள். பகல் காட்சிக்கு நான் ஒருநாளும் பட்டு கட்டியதில்லை; சுங்குடி. காரின் நிறமும் தப்பு. ஸ்லைடை அச்சு எழுத்தில் காட்டுகிறாள். அந்தத் தியேட்டரில் புகை படிந்த கண்ணாடியில் குச்சியால் கிறுக்குவார்கள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். 'அய்யாதுரை வீட்டம்மா உடனே வெளியே வரவும்' என்பதில் 'வீட்டம்மா' ஒரு வரியில் அடங்காமல் உடைந்து, 'ம்மா' கீழே வந்திருந்தது.

ஆம், படித்தேன். படித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினேன். நீ வரிசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறாய்.

மாமியார்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்ததும் உண்மை. அது எவ்வளவு நேரத்துக்கு உண்மை என்பதைத்தான் நீ அவளிடம் சொல்லவில்லை.

படத்தில் ஸ்லைடு ஒரு தடவை வருகிறது. அன்று இரண்டு தடவை போட்டார்கள் கற்பகம். முதல் ஸ்லைடுக்கு இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது. 'கம்பெனியிலிருந்து ஆள். கார் சாவி வேண்டும். மிக அவசரம்.' மடியில் இருந்த கண்ணாடியை அதைப் படிப்பதற்காகவே திரும்பப் போட்டேன். நீ என் முழங்கையைத் தொட்டது முதல் ஸ்லைடுக்கு. இரண்டாவதுக்கு நீ தொடவில்லை. உன் இரண்டு கைகளும் உன் மடியில் இருந்தன. சிவகாசியில் கம்பெனியிலிருந்து வண்டிக்கு அவசரம் என்று ஆள் வந்தால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பீரோச் சாவிக்கோ காப்பிக்கோ யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

அப்போது எழுந்திருந்தால் முதல் ஸ்லைடைப் படித்தும் உட்கார்ந்திருந்தோம் என்று ஆகிவிடும். நான் அதைத்தான் நினைத்தேன். நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீயும் படித்தாய். உன் உதடு அசைந்தது.

இதை நீ பாண்டிமீனாவிடம் சொல்லியிருந்தால் அவள் படத்தில் வைத்திருப்பாள். இதைவிட்டுப் பையைக் காட்டியிருக்கமாட்டாள். ஆகவே நீ சொல்லவில்லை. முதல் ஸ்லைடையும் என் மாமியாரையும் உன் முழங்கையையும் சொல்லிவிட்டு, மனசில் ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுதுகிறாய்.

சேலையிலிருந்து இரண்டாவது ஸ்லைடு வரைக்கும் எல்லாவற்றையும் நேற்று அந்தப் பெண்ணுக்கு எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். என் முழுப் பெயரையும் உன் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அது எந்த முகத்தோடு கேட்பது? அவள் என்னைக் காட்டுவதானால் சரியாகக் காட்டட்டும் என்பதற்காக எழுதினேன். முனியசாமி ஸ்லைடை நம்பியது தப்பில்லை, ஸ்லைடு படிக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறேன். அவன் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவள் சொல்லட்டும். ஸ்ரீமதியிடம் இன்று மாலை நானே சொல்வேன். இவருடைய போட்டோவுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக ஒரு பிழை. தியேட்டரில் காட்சி முடிந்ததும் அந்த அம்மாள் மாடிப்படியில் ஓடி வருகிறாள். சேலை தடுக்கி விழப் போகிறாள், சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருகிறாள். அதைப் பார்த்தால் யாருக்கும் அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிடும்.

நான் ஓடவில்லை. விளக்குப் போட்ட பிறகும் கூட்டம் இறங்கி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீயும்தான் உட்கார்ந்திருந்தாய்.

பொன்னுத்தங்கம்